ரொட்டி சேராத வயிறு

ஹெலகம றப்பர் தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ரொட்டி சுடுவதற்கு விஜயகலாவை விட்டால் ஆள் கிடையாது. இதை மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் அவளே சொல்லிவிடுவாள். "கோதம்ப மாவுக்கு என் கையத் தெரியும்" என்பாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, தண்ணீரை அளக்காமல் ஊற்றிப் பிசைந்து, உள்ளங்கையாலேயே தட்டிச் சட்டியில் போடுவாள். ஓரம் கருகாது, நடுவில் மாவு நிற்காது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் கூடும் பெண்கள் அவளுடைய பொட்டலத்தை மணத்தை வைத்தே கண்டுபிடித்து ஆளுக்கொரு துண்டு பிய்த்துக்கொள்வார்கள்.

ரொட்டி மட்டுமல்ல, எதிலும் அவளுக்குச் சந்தேகம் என்பதே வராது. இன்றைக்கு மழை வரும், பால் வெட்ட முடியாது என்பாள், வரும். அந்த றப்பர் மரம் இரண்டு மாதத்தில் வற்றிவிடும் என்பாள்; வற்றும். ருவான்வெல்லை சந்தியில் த்ரீவீலர் ஓட்டும் அவள் புருஷன் சுமன், "இவ தப்பா சொல்ற ஒரு நாளைப் பாத்துடணும்னு பதினோரு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்" என்று சவாரிக்காரர்களிடம் புலம்புவான். எரிச்சலான விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் அவள் சொன்னதுதான் நடக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் மகள் விஷயத்தில் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. தனுஜாவுக்கு ஆறு வயது. பார்த்தால் நாலு என்பார்கள். கைகாலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை வயிற்றாலை போகும். போனால் அந்தப் பக்கம் யாரும் நிற்க முடியாது. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று சுருண்டு படுத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் சிணுங்கும். கிளினிக் அட்டையில் நிறைக்கான கோடு மற்றப் பிள்ளைகளுக்கு மேலே ஏறிக்கொண்டு போக, தனுஜாவுக்குப் படுத்தேவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மூன்று முறை வயிற்றுப்பூச்சி மருந்து கொடுத்தார். கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டினார். அடுத்த காம்பராவில் இருக்கும் லூர்தம்மா, மாதா கோயில் எண்ணெயை வயிற்றில் தடவிச் செபம் சொன்னாள். மிட்வைப் நோனா தனுஜாவின் அட்டையைப் பார்த்துவிட்டு, அப்படியே தாயின் கண் இமையையும் இழுத்துப் பார்ப்பாள். "பெத்தி பொனவத நங்கி?" என்று சிங்களத்தில் அதட்டுவாள். மாத்திரை குடிக்கிறாயா இல்லையா என்று அர்த்தம். விஜயகலாவுக்கு இரத்தம் எப்போதும் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்குவாள், இரத்தம்தான் ஏறுவதில்லை. மிட்வைப் நம்பியதில்லை. தனுஜாவுக்குப் பிறகு மூன்றாம் மாதத்தோடு போய்விட்ட இரண்டு கர்ப்பங்களைப் பற்றியும் விஜயகலா யாரிடமும் பேசுவதில்லை. இருப்பது ஒன்று. அந்த ஒன்றும் தேய்கிறதே என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே பயம்.

போன வருஷம் ஆனி மாதத்து மழையில்தான் வழி தெரிந்தது. லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, மண் சரியலாம் என்று எல்லாரையும் கிளப்பிக் கடைத்தெருப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பதினொரு நாள். பக்கத்துப் பௌத்த விகாரையான பன்சலையிலிருந்து மூன்று வேளையும் சோற்றுப் பார்சல் வந்தது. ஆறாம் நாள் தனுஜாவின் வயிறு வற்றியது. எட்டாம் நாள் பள்ளிக்கூட மைதானத்துச் சேற்றில் மற்றப் பிள்ளைகளோடு ஓடி, விழுந்து, சிரித்தாள். பிள்ளை சிரித்து எத்தனை மாதம் என்று விஜயகலா யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

லயத்துக்குத் திரும்பிய மூன்றாம் நாள் பழையபடி வயிறு வீங்கியது. எல்லாரும் மழையைக் குற்றம் சொன்னார்கள், பள்ளிக்கூடத்துத் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். விஜயகலா அடுப்படியில் குந்தியிருந்து, சட்டியில் வெந்துகொண்டிருந்த தன் ரொட்டியைப் பார்த்தாள். அங்கே இல்லாததும் இங்கே இருப்பதும் அது ஒன்றுதான்.

"புள்ளைக்கு ரொட்டி சேரல" என்று அன்றைக்கே அறிவித்துவிட்டாள்.

லயமே சிரித்தது. பால் குடி மறந்த நாளிலிருந்து சாகும் நாள்வரை தோட்டத்து வயிற்றுக்குக் காலைச் சாப்பாடு ரொட்டிதான். அது சேராத வயிறு எங்கே இருக்கிறது? எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது லூர்தம்மா. அவள் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயா. முப்பது வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தவள்.

"அடியே கலா, என் கையால எரநூறு புள்ளைங்க ரொட்டி தின்னு வளந்திருக்கு. ஒண்ணுக்கும் சேராமப் போகல. ஒன் மக என்ன மகாராணியா?"

"மகாராணியோ என்னமோ, சேரலன்னா சேரலக்கா. பாத்துக்கிட்டே இருங்க."

அன்று முதல் தனுஜாவுக்கு ரொட்டி இல்லை, பேக்கரிப் பாண் இல்லை, பணிஸ் இல்லை, பிஸ்கட் இல்லை, கோதுமை சேர்ந்த எதுவும் இல்லை. சோறு, அரிசிமாப் பிட்டு, மரவள்ளிக்கிழங்கு. இரண்டு மாதத்தில் கன்னம் வைத்தது. ஐந்து மாதத்தில் அட்டைக்கோடு ஒரு விரல்கடை மேலே ஏறியது. ஆனால் விஜயகலா ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்குப் போய்விடுவாள். சுமன் ஆறு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பிவிடுவான். அதற்குப் பிறகு தனுஜாவைச் சாப்பிட வைத்து ஸ்கூலுக்கு அனுப்புவது லூர்தம்மாவின் பொறுப்பு. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் வண்டி லயத்துக்கு வந்ததும் யாராவது ஒருவர், பாவம் பிள்ளை ஏங்குகிறது என்று ஒரு துண்டு நீட்டுவார்கள். ஸ்கூலில் பிறந்தநாள் கேக் கொடுப்பார்கள். மறுநாள் பிள்ளை சுருண்டு படுக்கும். எத்தனை பேரோடு சண்டை போடுவது? டொக்டர் கையெழுத்து வைத்த ஒரு கடிதம் வேண்டும். அதைக் காட்டினால்தான் ஊர் வாயும் அடங்கும், கையும் அடங்கும் என்று விஜயகலா முடிவு கட்டினாள்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் கிளினிக்கில் இருந்தது ஷிப்னா டொக்டர், மாவனெல்லைப் பக்கத்துக்காரி. தமிழில் பேசியதே விஜயகலாவுக்குப் பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மழை, பள்ளிக்கூடம், பன்சலைச் சோறு, ரொட்டி என்று முழுக் கதையையும் சொன்னாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இத யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல டொக்டர். எனக்கே தெரிஞ்சிச்சி."

"நீங்க நினைக்கிறது சரியா இருக்கலாம். சீலியாக் நோய்னு ஒண்டு இருக்கு. நம்ம ஊர்ல கனபேர் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க." டொக்டர் ஒரு தாளில் குடலைப் படமாக வரைந்தார். "குடலுக்கு உள்பக்கம் வெறும் குழாய் மாதிரி வழுவழுப்பா இருக்காது. சின்னச் சின்ன விரல் மாதிரி கோடிக்கணக்கில நிக்கும். அதுதான் சாப்பாட்டில உள்ள சத்தெல்லாம் இழுத்து எடுக்கிறது. கோதுமையில உள்ள ஒரு சத்த இந்தப் பிள்ளையோட உடம்பு எதிரின்னு நினைக்குது. அதோட சண்டை பிடிக்கப் போய்த் தன்னோட குடலையே தாக்குது. அந்த விரலெல்லாம் தேஞ்சு தட்டையாப் போயிரும். அதுக்குப் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில ஒட்டாது."

விஜயகலா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மரத்துப் பட்டைக்குள்ள பால் ஓடுற எடம் இருக்கில்ல டொக்டர், அந்த மாதிரி. கத்தி ஆழமாப் போனா மரம் காயப்பட்டுப் போயிரும். அப்புறம் பால் வராது. வெட்டாம ஆற விட்டா திரும்பப் பட்டை கட்டும்."

"அதேதான். இதுவும் திரும்ப வளரும். பிள்ளைங்களுக்குக் கெதியா வளரும். ஆனா ஆயுசுக்கும் கோதுமை தொடக்கூடாது."

"அப்ப எழுதிக் குடுங்க டொக்டர், நான் போறேன்."

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்ன சேதிதான் விஜயகலாவைத் தூக்கிப் போட்டது. ஐந்து மாதமாக ரொட்டி கொடுக்காததால் குடல் ஆறியிருக்கும். இப்போது இரத்தம் எடுத்தால் ஒன்றும் காட்டாமல் போகலாம். ஆயுள் முழுக்கக் கோதுமையை விடச் சொல்வதென்றால் ஊகத்தில் எழுத முடியாது. ஆகவே, பிள்ளை திரும்பவும் ரொட்டி சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு. ஆறு கிழமைக்கு, அதாவது ஆறு வாரத்துக்கு. அதன்பிறகு பரிசோதனை.

"நோவும்னு தெரிஞ்சே குடுக்கச் சொல்றீங்களா?"

"கஷ்டம்தான். வேற வழி இருந்தா சொல்லியிருப்பேன். தாங்க ஏலாட்டி உடனே கூட்டிட்டு வாங்க."

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். ஒரே லயத்தில் ஒரே மாவைத்தான் எல்லாப் பிள்ளைகளும் தின்கின்றன, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று கேட்டாள். இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற தன்மை பிறப்பிலேயே வருவது என்றார் டொக்டர். தாய் வழியாகவும் வரலாம், தகப்பன் வழியாகவும் வரலாம். தன்மை இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதுமில்லை, சிலருக்கு வரும். விஜயகலா வெளியே வந்ததும் வராததுமாக, த்ரீவீலரில் சாய்ந்து நின்ற சுமனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க வழிதான். ஒங்க அண்ணன் தம்பி அஞ்சு பேரும் வெறகுக் கட்டு மாதிரி இருக்கும்போதே நான் யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். என்ன வழி என்றே சுமனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் தலையாட்டினான்.

ஆறு கிழமையும் விடிவதற்கு முன் எழுந்து விஜயகலா ரொட்டி சுட்டாள். மகளுக்கென்று இரண்டைத் தனியாகத் துணியில் சுற்றி லூர்தம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மரத்துக்குப் போனாள். கை மட்டும் தன்பாட்டுக்குப் பட்டை சீவிக்கொண்டிருக்கும், மனசு லயத்தில் இருக்கும். மத்தியானம் பால் வாளியோடு இறங்கி வரும்போது, "சாப்பிட்டாளாக்கா?" என்பாள். "சாப்பிட்டா, சாப்பிட்டா" என்பாள் லூர்தம்மா, முகத்தைப் பார்க்காமல்.

இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. ஒன்றுமே இல்லை.

"இந்த நோய் இல்லாம இருக்கலாம் விஜயகலா. வேற காரணம் தேடிப் பார்ப்போம்" என்றார் ஷிப்னா டொக்டர், மெதுவாக.

சுமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்த நாள் வந்துவிட்டது. அதுவும் பிள்ளைக்கு நோயில்லை என்ற நல்ல சேதியோடு வந்துவிட்டது. திரும்பும் வழியில் சந்திக் கடையில் வண்டியை நிறுத்தி, ஆவி பறக்க ஒரு மீன் பணிஸ் வாங்கி வந்து தனுஜாவின் கையில் வைத்தான். அது வாய்க்குப் போவதற்குள் விஜயகலா பிடுங்கிக்கொண்டாள்.

"டொக்டரே இல்லேங்கிறாங்க. இன்னும் என்னடி?"

"டொக்டரு ரத்தத்தப் பாத்தாங்க. நான் புள்ளையப் பாக்குறேன். ஆறு கெழம ரொட்டி தின்ன புள்ளைக்கு வவுறு வீங்கிச்சா? இல்ல. ஒரு நாளாவது வவுத்தால போச்சா? இல்ல. முன்ன ஒரு துண்டு பாணுக்கே சுருண்டு படுத்தவ."

"அதனாலதான் சொல்றேன், நோய் இல்ல."

"அதனாலதான் சொல்றேன், இவ ரொட்டி திங்கவே இல்ல."

சுமன் வண்டியைக் கிளப்பினான். இந்த நாளும் கைநழுவிப் போய்விடுமோ என்ற சந்தேகம் அவனுக்கு அப்போதே வந்துவிட்டது. தனுஜா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

லயத்தில் இறங்கியதும் விஜயகலாவின் கண்ணில் பட்டது லூர்தம்மாவின் நாய் டொமி. தை மாதத்தில் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்த நாய். இப்போது வேலி ஓட்டைக்குள் முன்னங்கால்களும் தலையும் அந்தப் பக்கம், வயிறு இந்தப் பக்கம் என்று மாட்டிக்கொண்டு முனகியது. விஜயகலா அதன் பின்னால் நின்று நிதானமாகப் பார்த்தாள். நாளுக்கு இரண்டு என்றால் ஆறு கிழமைக்கு எண்பத்து நாலு. இரண்டு கையாலும் நாயைப் பின்னுக்கு இழுத்து விடுவித்துவிட்டு, லூர்தம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

"என் ரொட்டி ஒங்க நாய்க்கு நல்லா சேந்திருக்குக்கா."

லூர்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. மறுப்பாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து வந்த விஜயகலாவுக்கு, அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மொத நாளு குடுத்தேன்டி. சத்தியமாக் குடுத்தேன். ஒரு ரொட்டி தின்னுச்சி. பதினோரு மணிக்கு டீச்சரு ஸ்கூல்ல இருந்து தூக்கிக்கிட்டு வந்து விட்டாங்க. வவுத்தப் புடிச்சிக்கிட்டு என் மடியில கெடந்து, 'ஆயாம்மா, நாளைக்கும் திங்கணுமா'ன்னு கேட்டுச்சி. நீ மரத்துல இருந்த. ஒனக்குத் தெரியாது. மறுநாள்ல இருந்து அரிசிமா ரொட்டி சுட்டுக் குடுத்தேன். அம்மாகிட்ட சொல்லாதன்னு புள்ளகிட்டயும் வாக்கு வாங்கிட்டேன்."

"ஏங்க்கா, நீங்கதான் நம்பலியே? ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே?"

"சிரிச்சேன்தான்." லூர்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நம்பாமலா குடுக்காம விட்டேன்?"

தோட்டத்திலேயே தன் பேச்சை முதலில் நம்பிய ஆள் இவள்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நம்பிக்கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறாள், பாவி. விஜயகலா பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். இந்தத் தடவை தானே கொடுப்பதாகச் சொன்னாள். "ஒங்களுக்கு மனசு எளகுன மனசு. எனக்கு அப்பிடி இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஷிப்னா டொக்டரிடம் நாய்க் கதையைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா ஆறு கிழமை" என்றார்.

தனுஜாவை முன்னால் நிறுத்தி விஜயகலா விஷயத்தைச் சொன்னாள். பிள்ளையிடம் பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. "நோவும்டி. ஆனா ஆறு கெழம மட்டும். அப்புறம் ஆயுசுக்கும் ஒன்னைய யாரும் திங்கச் சொல்ல மாட்டாங்க. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், என்ன?" தனுஜா தலையாட்டினாள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

காலை ஒரு ரொட்டியை, பெரட்டுக்குப் போகுமுன் தன் கையாலேயே ஊட்டினாள். மற்றது மரத்திலிருந்து இறங்கி வந்த பிறகு. முதல் நான்கு நாள் தனுஜா வயிற்று நோவைப் பொறுத்துச் சமாளித்துவிட்டாள். ஐந்தாம் நாள் வயிறு வீங்கத் தொடங்கியது. ஏழாம் நாள் பழைய வயிற்றாலை. ஒன்பதாம் நாள் மத்தியானம் தனுஜா ரொட்டியைப் பார்த்ததும் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த மூடின கண்ணை விஜயகலாவால் பார்க்க முடியவில்லை. ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். பாதியை மகளுக்கு ஊட்டிவிட்டு, மறுபாதியை அவசர அவசரமாகத் தன் வாயில் போட்டு மென்றாள். தன் ரொட்டி தனக்கே கசந்தது அன்றுதான்.

வாசலில் லூர்தம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"எளகாத மனசுன்னு சொன்ன?"

விஜயகலா வாய் நிறைய ரொட்டியோடு அழுதாள். லூர்தம்மா உள்ளே வந்து தட்டை வாங்கினாள். சட்டியிலிருந்து இன்னொரு பாதியை எடுத்து வைத்தாள். தனுஜாவை மடியில் இருத்திக்கொண்டு, "கொழந்த, இன்னும் ரெண்டு வாய். அப்புறம் டொமிய உருட்டி விளையாடுவோம்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் ஊட்டி முடித்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர்தான். ஆனால் கை நிற்கவில்லை. அன்று முதல் கடைசி நாள்வரை இரண்டு வேளையும் லூர்தம்மாதான் ஊட்டினாள். விஜயகலா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். டொமி திரும்பவும் வேலி ஓட்டைக்குள் புகுந்து போக ஆரம்பித்தது.

இந்தத் தடவை இரத்தம் உண்மையைச் சொன்னது. நோயைக் காட்டும் அளவு இருக்க வேண்டியதைப் போல் பல மடங்கு. கொழும்புக்கு அனுப்பி, பிள்ளையை உறங்க வைத்து, வாய் வழியாகச் சின்னக் கமராவை இறக்கிப் பார்த்தார்கள். ஷிப்னா டொக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று நல்ல குடல், அடர்ந்து நிற்கும் விரல்கள். மற்றது தனுஜாவினுடையது, மழித்துவிட்ட மாதிரி தட்டையாக இருந்தது. "இனிப் பயமில்ல. இண்டைக்கே நிப்பாட்டுங்க. ஒரு வருஷத்தில இது அது மாதிரி ஆயிரும்" என்றார். கடிதத்தை மூன்று மொழியிலும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

விஜயகலா கடிதத்தை வாங்கிச் சுமனிடம் நீட்டினாள். அவன் படிக்காமலே, "தெரியும், தெரியும்" என்றான்.

"தாய் தகப்பனுக்கும் ஒருக்காப் பார்த்துருவோம். ஒரே இரத்தம்தானே" என்றார் டொக்டர்.

"இவருக்குப் பாருங்க டொக்டர். நல்லாப் பாருங்க. அஞ்சு அண்ணன் தம்பி. எனக்குப் பாக்கத் தேவையில்ல, நான் பொறந்ததுல இருந்து ரொட்டிதான்." சொன்னாளே தவிர, ஊசிக்குக் கையையும் நீட்டினாள். சும்மா சுமனுக்குத் துணைக்கு.

இரண்டு கிழமை கழித்து முடிவுக்குக் கூப்பிட்டார்கள். சுமனுக்கு ஒன்றுமில்லை. டொக்டர் அடுத்த தாளை எடுத்தார். அதை இரண்டு தடவை படித்தார்.

"விஜயகலா, உங்களுக்கு வாயில அடிக்கடி புண் வருமா? களைப்பு?"

"அது எல்லாருக்கும் உள்ளதுதானே டொக்டர்."

"இரும்பு மாத்திரை குடிச்சும் இரத்தம் ஏறாதா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்திராத சுமன் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான். உங்களுக்கும் குடலைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், ஆனால் இரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்தால் சந்தேகம் குறைவு என்று டொக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அந்தத் தன்மை வந்தது தாய்வழியாக இருக்கும். சிலருக்கு இப்படி வயிறு வீங்காமல், வயிற்றாலை போகாமல், உள்ளுக்குள்ளேயே வருஷக்கணக்காகத் தேய்க்கும்.

"எனக்குள்ளயுமா இந்த வேலை நடந்திருக்கு?" என்றாள் விஜயகலா. பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டாள். "தனுஜாவுக்குப் பொறகு ரெண்டு தங்காமப் போச்சி டொக்டர். அதுவும் இதாலயா?"

"அதுதான் காரணம்னு என்னால சொல்ல ஏலாது. ஆனா இருக்கலாம். நோய் தெரியாம கோதுமை சாப்பிட்டுட்டே இருந்தா அப்படி நடக்கிறது உண்டு."

ஐந்து வருஷமாக அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். பால் வாளி தூக்கியதால், மழையில் வழுக்கியதால், ஒரு நாள் மாத்திரையைத் தாமதமாகக் குடித்ததால். கைக்குட்டை தேடிக் கிடைக்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் குடலும் முப்பத்திரண்டு வருஷமாக ஒரு நாள் ஆற விடாமல் வெட்டின பட்டை என்று நினைத்தாள். ஆற விட்டால் கட்டும். அது தெரிந்ததுதானே. டொக்டரிடம், "அந்தக் கமராவ எப்ப விடுவாங்க? நாளக் குறிச்சிக் குடுங்க" என்றாள்.

நாள் குறித்து, கொழும்பில் பார்த்து, அதுவும் உறுதியாகி வீட்டுக்கு வந்த அன்று சாயந்தரம், சேதியைச் சொல்லாமலே லூர்தம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சுமனால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடிந்தால்தானே. விஜயகலா தப்பாகச் சொன்ன அந்த ஒரு நாள் கடைசியில் வந்தே விட்டது. "என் வழி இல்லியாம்" என்று சந்தியில் நாலு பேரிடம் சொன்னவன், ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது அழுதுவிட்டானாம்.

லூர்தம்மா தன் புதுச் சட்டியோடு வந்தாள். கோதம்ப மா தொடாத சட்டி. அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து சுட்ட இரண்டு ரொட்டி அதில் இருந்தது. இரண்டும் வெள்ளையாக, ஓரமெல்லாம் வெடித்து, வட்டமாகவும் இல்லாமல்.

"இதுவா ரொட்டி?" என்றாள் விஜயகலா.

"நீ சுடுறதுக்கு ஒறைபோடக் காணாதுதான். வேணாம்னா டொமி இருக்கு."

தனுஜா வந்து அம்மாவுக்கு எதிரே சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். கன்னம் திரும்ப வைத்திருந்தது. ஒரு ரொட்டியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். மற்றதைச் சின்னத் துண்டாகப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலில் தொட்டு, விஜயகலாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"மொதல்ல ஒரு மாதிரித்தான் இருக்கும்மா. கொஞ்ச நாள் அந்த ரொட்டி ஞாபகம் வரும். அப்புறம் வராது. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும், என்ன?"

விஜயகலா வாயைத் திறந்தாள்.